நேராகத் தொங்கிய நூல்கள்

நூல்கள் அசையவில்லை. என் அக்காவின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள், பாறைகளில் முடிச்சிட்டிருந்த வெள்ளை நூல் துண்டுகள் எல்லாம் நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மலையில் சாமி பார்த்துவிட்டு அக்காவும் நானும் அப்போதுதான் வாசலுக்குள் நுழைந்திருந்தோம். அவள் கையில் அர்ச்சனைத் தட்டு. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் தொட்டியையே பார்த்தபடி நின்றாள். அன்று ஆடிக் கிருத்திகை. கூடம் நிறைய மஞ்சள் துணி, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தத் தொட்டியின் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு இன்றுவரை கோபம் தணியவில்லை. தணித்துக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

அக்கா திருத்தணியில் அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய ஊரில், வீட்டுக்குள் கடல் தண்ணீர் வைத்து மீன் வளர்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நானும்தான் சிரித்தேன். “வேலைக்குப் போன நாள் பூரா பாட்டில்ல ஊறுன மீனையே காட்டிக்கினு இருந்தேன்டா. உயிரோட நாலு பாத்துட்டுப் போறேன்” என்றாள். அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. சென்னை கொளத்தூர்க் கடையிலிருந்து அதற்கென்று விற்கும் உப்பை வாங்கி வந்து, சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, உப்பின் அளவைக் கருவி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். “கல்லுப்பு போட்டா ஆவாதா டீச்சர்?” என்று பக்கத்து வீட்டம்மா கேட்டதை எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள், நீல நிறத்தில் சில சிறிய மீன்கள். அவ்வளவுதான் அவளுடைய கடல்.

தொடக்கத்தில் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. ஆனாலும் மீன் செத்தது. வடிகட்டியின் மோட்டார் தண்ணீரை ஒரு பக்கமாகவே இழுத்து ஊற்றிக்கொண்டிருக்க, பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இரையின் மிச்சம் அங்கே அழுகிப் பழுப்பாகப் படிந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நூல்கள். பாறைக்குப் பாறை ஒரு துண்டு கட்டி, எது ஆடுகிறது, எது தூங்குகிறது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அலை உண்டாக்கும் சிறிய மோட்டார்கள் இரண்டை வாங்கி, இடம் மாற்றி மாற்றி ஒட்டினாள். எதிரெதிர் மூலையிலிருந்து வரும் இரண்டு ஓட்டங்களும் முன்கண்ணாடியருகே முட்டிக்கொண்ட அன்று எல்லா நூலும் ஆடியது. “தண்ணி சுத்திக்கினு இருந்தா மட்டும் போதாதுடா. ஒன்னோட ஒன்னு மோதணும். மோதுனாதான் மூலைக்கெல்லாம் போவும்” என்றாள். மேல்மட்டம் எப்போதும் சுருங்கி அலைய வேண்டும், அப்போதுதான் காற்று உள்ளே இறங்கும், நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் காற்று குறைவாகத்தான் தங்கும் என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் கணவரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். தமிழும் தெலுங்கும் புழங்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அக்காள் கணவருக்கு அதுதான் பெயர். கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தார். வீட்டு இன்வெர்டரில் கூடத்து விளக்கு, மின்விசிறி, டிவி மூன்றும் ஓடின. அதில் தொட்டி மோட்டாருக்கு ஓர் இணைப்பு கொடுங்கள் என்று அக்கா பலமுறை கேட்டாள். “மீனுக்கு இன்வெர்டரா? நாளைக்கு ஏசி வேணும்னு கேக்கும்” என்பார். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லுவார். அவர்களும் தவறாமல் சிரிப்பார்கள். ஒரு கோடைப் பகலில் நான் போயிருந்தபோது மின்சாரம் போனது. பாவா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து போய், சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றத் தொடங்கினாள். மின்சாரம் வரும்வரை ஊற்றினாள். இதற்கு நடுவில் பாவா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு டீ கேட்பதற்காக.

கிருத்திகையன்று மலைக்குப் புறப்படுமுன், “பிளக்க மட்டும் தொடாதீங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். “ஆங், ஆங், போய்ட்டு வா” என்றார். நாங்கள் திரும்பியபோது வடிகட்டிக்கும் அலை மோட்டார்களுக்கும் சேர்த்துப் போட்டிருந்த பிளக் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் வேறொரு நீட்டிப்புப் பெட்டி சொருகப்பட்டு, அதிலிருந்து கொத்தாக செல்போன்கள் தொங்கின. தண்ணீரின் மேல் பொரி மிதந்தது. கோயில் குளத்து மீனுக்குப் போடுவதுபோல விருந்தினர்கள் போட்டிருக்கிறார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார்.

“யார் கழட்டுனது?” என்று அக்கா கேட்டாள்.

“நான்தான். எல்லார் போனும் செத்துக் கெடந்திச்சி. ஒரு பொழுது மீனு சும்மா இருக்கக் கூடாதா?” என்றார் பாவா.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். பிளக்கைச் சொருகினாள். ஊறிய பொரி அடைத்து மோட்டார் மூன்றும் முனகினவே தவிர சுற்றவில்லை. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா சொம்பை எடுத்தாள். நான் ஒரு மோட்டாரைக் கழற்றி பல் துலக்கும் பிரஷ்ஷால் பொரியை வழிக்கத் தொடங்கினேன். எங்களுக்குப் பின்னால் இலை போட்டார்கள். “செத்தா கொழம்பு வெச்சிடலாம் மாமா, உப்புகூட போட வேணாம்” என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. பாவாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. முதல் நீல மீன் பக்கவாட்டில் சாய்ந்தபோது நகரியிலிருந்து வந்த அவருடைய அத்தை மகள் அருகில் வந்து பார்த்துவிட்டு, “இம்மாம் பேர் வந்து பாத்தோம் இல்ல? கண்ணு பட்டுடுச்சு. ஒரு பூசணிக்கா சுத்தி ஒடைங்க” என்றாள். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. “அதான், அதான்” என்று முதலில் சொன்னவர் பாவா. பூசணிக்காய் வாங்க அப்போதே ஆள் அனுப்பினார்.

பிறகு, “சாப்பாடு ஆறுது. பாயசம் யார் ஊத்தறது?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா திரும்பவில்லை. “யாருக்குக் கை சும்மா இருக்குதோ அவங்க” என்றாள்.

அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை மகளே எழுந்து பாயசம் ஊற்றினாள். மோட்டார் ஓடத் தொடங்கும்வரை அக்கா நகரவில்லை. புடவை முழுக்க உப்புத் தண்ணீர். கடைசியில் ஒரே ஒரு கோமாளி மீன் பிழைத்தது.

மறுநாள் காலையில் ஓர் இணைப்பு கேட்டாள், கடைசியாகக் கேட்டாள். “விருந்தாளிங்க முன்னாடி மானத்த வாங்கிட்டு இப்ப இன்வெர்டரு கேக்கறியா?” என்றார். அக்கா பிழைத்த மீனைப் பையில் தண்ணீரோடு கட்டி என்னிடம் கொடுத்து, கொளத்தூர்க் கடையிலேயே விட்டுவிடச் சொன்னாள். தொட்டியைக் கழுவிக் காயவைத்து, அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பரணில் ஏற்றினாள். “பாரு மச்சான், பொறுமையா சொன்னா புரிஞ்சிக்கறவ உங்க அக்கா” என்று பாவா என்னிடம் பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இருந்தாள். மீனைப் பற்றி அவள் பேசி நான் கேட்கவில்லை. போன ஆண்டு மாரடைப்பில் போய்விட்டாள்.

போன வாரம் பாவா கூப்பிட்டார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வேண்டுமாம். செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்தியே வயதானவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி வேலைகள் என்னிடம்தான் வரும். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். “மீன்களை உயிராய் நேசித்தவர்னு போடு. கீழ, ஆசைப்பட்டதையெல்லாம் செய்து கொடுத்த கணவர்னு எம்பேரு.”

“அந்த ரெண்டு வரியும் வராது பாவா.”

“ஏன், நீளமா பூடுச்சா? ஆவற காச நான் குடுக்கறேன்.”

“நீளம் இல்ல. பொய்.”

மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். “இன்னுமா அத்த மனசுல வெச்சிக்கினு இருக்கிற? கண்ணு பட்டுச்சு, பூடுச்சு. யாரு இன்னா பண்றது?” என்றார்.

“கண்ணு பிளக்க புடுங்காது பாவா.”

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “அப்ப நீ இன்னாதான் போடுவ?” என்றார்.

அக்காவின் பெயரைப் படித்தேன். அதன் கீழே, விலங்கியல் ஆசிரியை.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றேன்.