சாமிக்கு வலதா, நமக்கு வலதா

பெருமாநல்லூர் லிங்கசாமிக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். பெண்களில் மூத்தவள் மாரக்காள். நெருப்பெரிச்சல் கிட்டுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து ஆளாக்கிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை தெரிந்த இடத்தில் நீலப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். மாரக்காள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை, பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறவனுக்கும் தெரியாது என்பார் மேஸ்திரி.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், தன் வலது மாரில் கட்டி இருப்பதையும் அவளேதான் கண்டுபிடித்தாள். குளிக்கும்போது சோப்பு அந்த இடத்தில் ஏறி இறங்கியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, புற்று என்றார். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்பி வரும் பயம் உண்டு, மாரை முழுசாக எடுத்துவிட்டால் பிழைக்க வழி அதிகம், வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லம்மா என்று அனுப்பிவிட்டார்.

மாமியார் ரங்காத்தாள் கேட்டதும், "புத்துன்னாப் பாலூத்திக் கும்புட்டாப் போவுது. அதுக்குப் போயி ஆராச்சும் கத்தியத் தூக்குவாங்களா?" என்றாள்.

"அது வேற புத்துங்க அத்தை."

"எந்தப் புத்தா இருந்தா என்ன? மூணு புள்ளை குடிச்ச மாரு. வெட்டி எறிஞ்சா வம்சத்துக்கு ஆகாது."

சேதி தெரிந்து ஓடிவந்த மாரக்காளின் அண்ணன் செங்கோட்டையன் விடவில்லை. "வம்சந்தான் வந்தாச்சுங்களே அத்தை. பெத்தவ இருக்க வேண்டாமுங்களா? முழுசா எடுத்துப்போடலாமுங்க."

கிட்டுசாமி அம்மா பேசினால் அம்மாவுக்குத் தலையாட்டினார். மச்சான் பேசினால் மச்சானுக்கு ஆட்டினார். மாரக்காளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சாகப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் தட்டையாகக் கிணற்றடியில் நாலு பேர் முன்னால் நிற்பதை நினைத்தால் அதுவும் பயமாக இருந்தது.

பூக்கேட்டுவிடலாம் என்று கடைசியில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது. வியாழக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் ஆத்தப்பப் பூசாரி, அம்மனின் தோளுக்கு ஒன்றாக இரண்டு ஈரப் பூவை ஒட்டினார். வலது பூ விழுந்தால் மாரை எடுப்பது. இடது விழுந்தால் விட்டுவிடுவது.

அரை மணி நேரம் ஒருவரும் தும்மக்கூட இல்லை. பொத்தென்று ஒரு பூ விழுந்தது.

"வலதுங்க," என்றான் செங்கோட்டையன்.

"எடது," என்றாள் ரங்காத்தாள்.

பார்க்கிறவர்களுக்கு அது வலது. அம்மனுக்கு இடது.

"பூவு அம்மன் தோள்ல இருந்து உழுந்துச்சா, உம்பட தோள்ல இருந்து உழுந்துச்சா?"

"உத்தரவு நமக்குத்தானுங்களே அத்தை? அப்ப நமக்கு எது வலதோ அதுதானுங்க கணக்கு."

இரண்டு பேரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "பூ வெக்கறதோட எம்பட வேலை முடிஞ்சுதுங்க. பக்கம் பிரிக்கறத நீங்க பேசிக்கோங்க," என்றார். கிட்டுசாமி இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்று இழுத்தார். "ஒருக்காக் கேட்டது கேட்டதுதான்," என்று இரண்டு தரப்பும் அவர்மேல் பாய்ந்தது. அது ஒன்றில் மட்டும் ஒற்றுமை.

மாரக்காள் முந்தானைக்குள் கைவிட்டுக் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

"எனக்கு வலதுங்க," என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"சாமிக்கு எந்தப் பக்கமோ, உங்களுக்கு எந்தப் பக்கமோ. கட்டி எனக்கு வலதுல இருக்குதுங்க. கண்ணி அறுந்த துணியில ஓட்டைய மட்டும் கத்திரிச்சா, சுத்தியும் பிரிஞ்சுட்டே போவும். தெனமும் பாக்கறனே. நான் முழுசா எடுத்துக்கறனுங்க."

"ஒத்த மாரோட அப்பறம் நீ என்ன மாரக்கா?" என்றாள் ரங்காத்தாள்.

"பேருல இருக்கற மார எந்த டாக்டரும் எடுக்க முடியாதுங்க அத்தை."

கிட்டுசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆபரேஷனுக்குத் துணி மாற்றிவிட வந்த நர்சு, போய் டாக்டரம்மாவையே கூட்டி வந்துவிட்டாள். வலது மாரில் பெரிதாக ஒரு நீல வட்டம்.

"என்னம்மா இது?"

"நீங்க எனக்கு எதுக்கால நிப்பீங்க. உங்களுக்கு வலதுன்னா எனக்கு எடது. எங்கூட்டுல இதுல ஒரு சண்டையே நடந்துருச்சுங்க."

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் கையிலிருந்த சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

காயம் ஆறி வேலைக்குக் கிளம்பும் முன்னால், ரங்காத்தாள் ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து மருமகள் மடியில் போட்டாள். உள்ளே ஒரு பக்கம் பை வைத்து, பனியன் வேஸ்ட்டை அடைத்துக் கையாலேயே தைத்திருந்தாள். மாரக்காள் போட்டுப் பார்த்தாள். இருந்த பக்கம் இரண்டாக, இல்லாத பக்கம் அப்படியே கிடந்தது.

"ரவிக்கைய முன்னால பரப்பி வெச்சுட்டுத் தெச்சீங்களாங்க அத்தை?"

"ஆமா. வலதுலதான் தெச்சேன்."

"உங்களுக்கு வலதுங்க. எங்கண்ணன் கணக்குப்படி தெச்சிருக்கறீங்க."

ரங்காத்தாள் ரவிக்கையை வாங்கி, பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, பக்கம் மாற்றித் தைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் மாரக்காள் இருபத்தாறு வருஷம் இருந்தாள். பைதான் ஏழெட்டு மாற்ற வேண்டியிருந்தது.