பாடம் இல்லாத கதை

எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கதையைச் சொன்னாலும், முடிந்த கையோடு பிள்ளைகள் எழுந்து "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தும்மினால்கூட இவர்கள் அதற்கொரு பாடம் சொல்வார்கள் என்று நான் கேலி செய்வேன். குமரி மாவட்டத்துக் கருங்கலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சபையில் பெரிய பிள்ளைகளின் வகுப்பு என் பொறுப்பு.

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள்தான் குட்டிக் கதை சொல்வது? அந்த வயதினருக்கென்றே எழுதிய ஒரு நாவலை எடுத்துப்போய், வாரம் ஓர் அத்தியாயமாக வாசித்தேன். பிடிக்காத படிப்பில் தள்ளப்பட்ட ஒரு பெண், வீட்டில் வாயே திறக்காமல் ஓடிப்போகிறாள். தெரியாத ஊரில் அல்லாடிவிட்டுத் திரும்பி வந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே தன் விருப்பத்தைச் சொல்கிறாள். அப்பா சம்மதித்தாரா என்பது புத்தகத்தில் இல்லை.

கடைசி அத்தியாயம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு பையன் எழுந்தான். பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதே பாடம் என்றான். பக்கத்தில் இருந்தவளும் அதையே ஒப்பித்தாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளருக்கோ கோபம். பிள்ளைகள் கலைந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடிப்போறதுக்கு நீங்களே வழி காட்டிக் குடுக்கியளா டீச்சர்?"

நான் சட்டென்று சூடாகிற ஆள். கருங்கலிலிருந்து எந்த பஸ் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அதற்கு நாவல் தேவையில்லை என்றேன். இனி அந்த மாதிரிப் புத்தகம் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திரும்பிப் பார்த்தால், கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். சித்தி வீட்டில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா குவைத்தில் நர்ஸ். மகளும் நர்ஸாக வேண்டும் என்று அங்கிருந்தே முடிவு செய்து, அதற்கான பிரிவில் சேர்த்துவிட்டிருந்தார். ரத்தத்தைக் கண்டாலே இவளுக்குத் தலை சுற்றும்.

வீட்டைவிட்டுப் போக பேக் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பொறுப்பாளர் சொன்னதே நடந்துவிட்டதோ என்று பயந்துபோய், எப்போதிருந்து என்று கேட்டேன். நான் இந்தக் கதையைத் தொடங்குவதற்கு முன்பே என்றாள். அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் வாராவாரம் போகாமல் இருந்திருக்கிறாள்.

"அவ போயிட்டு வந்துதானே சொல்லுகா டீச்சர். நான் போவாமலே சொல்லலாம் இல்லியா?"

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்ல ஊரே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது, தங்களுக்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒருத்தி. கதையில்தான் அவள் கிடைப்பாள்.

என் போனிலேயே அம்மாவைக் கூப்பிட்டாள். நான் விலகப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா முதலில் திட்டினார், பிறகு அழுதார். அழுகை அடங்கியதும் கேட்டார்.

"பின்ன ஒனக்கு என்ன படிக்கணும் மக்ளே?"

அவள் பேச ஆரம்பித்தாள். கதவைப் பூட்ட வந்த பொறுப்பாளர், அவள் பேசி முடிக்கும்வரை சாவியோடு வாசலிலேயே நின்றார்.

அடுத்த ஞாயிறு நான் இன்னொரு நாவலோடு போனேன். பொறுப்பாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, வகுப்புக் கதவைத் திறந்துவிட்டார். முதல் அத்தியாயம் முடிந்து பாடம் சொல்ல எழுந்த பையனை, கடைசி பெஞ்சிலிருந்து அவள்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.