உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் நம்பமாட்டீர்கள், பினாங்கில் நான் கையில் ஸ்வெட்டரோடுதான் பஸ் ஏறுகிறேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கும். காற்றில் ஈரமிருந்தால் அகச்சிவப்புக் கருவிக்கு ஆகாது, அதற்காக ஏசி ஓயாமல் ஓடும். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலும் அதற்குப் பொறுக்காது. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழிக் காலையில் முதல் வாளித் தண்ணீர் தலையில் விழும் அந்த ஒரு கணம்தான். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு நடுங்குகிறேன்.

தோல் புற்றுநோய்த் திசுவை மெல்லிய சீவலாக்கி, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் பாய்ச்சி, கணக்கைக் கணினியிடம் ஒப்படைப்போம். அது ஒரு பகல் முழுக்க முனகி, நல்ல தோலுக்குப் பச்சை, புற்றுக்குச் சிவப்பு என்று படம் போடும். இதை நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சுப்பையா அண்ணனிடம் விளக்கித் தொலைத்தேன். பாயான் லெப்பாஸுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர் அவர். மறுநாளே தெருவிலிருந்த மச்சமெல்லாம் என் அறை வாசலுக்கு வந்துவிட்டது. நான் வைத்தியன் இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்?

ஆனால் அண்ணனின் காலைப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி. எங்களைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு அந்தப் பொல்லாத நோய் வந்தால், பெரும்பாலும் அங்கேதான் வரும். 

"அண்ணை, ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டுங்கோ."

"இது தீமிதிச்சப்ப ஆத்தா வெச்ச பொட்டு தம்பி. கத்தி வைக்கக் கூடாது லா."

அவர் மனைவி அழுதார், நான் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. வேண்டுமானால் உன் மெஷினில் காலை வைக்கிறேன், அது சொல்லட்டும் என்றார். அதற்குக் கால் வேண்டாம், ஆஸ்பத்திரியில் வெட்டிய சீவல்தான் வேண்டும், வந்தால் வைத்துக் காட்டுகிறேன் என்றேன். அப்படியென்ன ஒளி அது என்று கேட்டார். நெருப்பிலிருந்து வருகிற அதே ஒளி என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், சத்தியமாக வேறெந்தத் தந்திரமும் இல்லை. அண்ணனின் முகமே மாறிவிட்டது. நெருப்பு வைத்ததை நெருப்பே பார்க்கட்டும் என்று, சட்டைப் பையில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

வெட்டியெடுத்துப் பார்த்த மருத்துவர், புற்று இல்லை, கரித்துண்டு என்றார். தீக்குழியில் ஏறிய கரி தோலுக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. அண்ணனின் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மட்டும், இதைத்தானே நானும் சொன்னேன் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சொன்ன சொல்லுக்காக மிச்சச் சீவலை வாங்கிக் கருவியில் வைத்தேன். மாலையில் அண்ணன் திரைக்கு முன்னால் கைகூப்பி நின்றார். கணினி அவர் தோலைப் பச்சையாக்கியது. கரியை எதில் சேர்ப்பதென்று தெரியாமல், சாம்பல் நிறம் பூசித் தனியே விட்டிருந்தது.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருசம் என் கூடவே நடந்திருக்கு. என் தோல்ல சேத்துக்க மாட்டேங்குதா?"

வெளியிலிருந்து வந்ததை அது சேர்க்காது என்றேன்.

"அப்ப திரும்பக் குழியில போட்டா? அங்கயாச்சும் சேருமா?"

ஊருக்கே திரும்பிவிடுவாயா என்று என்னையே கேட்டதுபோல் இருந்தது. திரையில் அந்தச் சாம்பல் புள்ளியின் ஓரமெல்லாம் பச்சை ஏறியிருந்தது.

"அங்கையும் சேராது அண்ணை," என்றேன். "இப்ப அதில தோல் ஒட்டிப்போச்சு."