வயர் கழன்ற பின்னும் திரையில் நின்ற படகு

கணினிக்குள் ஒரு பொருள் எப்போது பிறக்கிறது, எப்போது சாக வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அத்தான் எனக்குப் 'பிறப்பு இறப்புப் பதிவுகாரி' என்று பட்டமே வைத்துவிட்டார். அத்தான் என் அக்காவின் கணவர், மயிலிட்டியில் கடற்றொழில் செய்கிறார். நான் கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நகரத்தில் உள்ள சிறிய நிறுவனம் ஒன்றுக்காக டிரைவர் என்ற மென்பொருளை எழுதுகிறேன். கணினியில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கேர்னலுக்கும், வெளியிலிருந்து செருகும் கருவிக்கும் இடையில் நின்று பேசுவது அந்த டிரைவர்.

எங்கள் நிறுவனம் சிறு படகுகளுக்கென்று ஒரு பெட்டி செய்தது. அதோடு ஒரு கம்பு வரும். கம்பைப் படகின் ஓரத்தில் தொங்கவிட வேண்டும். அதன் கீழ்முனை தண்ணீருக்குள் ஆழம் பார்க்கும், மேல்முனை வானத்தில் சுற்றும் செய்மதிகளைக் கேட்டு இடம் சொல்லும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வயர்தான் பெட்டிக்கு வரும். திரையில் ஒரு சின்னப் படகும், எங்கள் நாட்டுக் கடல் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடும் தெரியும். மயிலிட்டிக்காரருக்கு அந்தக் கோடு விளையாட்டு அல்ல. தாண்டிப் பிடிபட்டால் படகும் போகும், ஆளும் உள்ளே. அத்தானுக்கு இருப்பது அந்த ஒரு படகுதான். முதற்பெட்டியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். தங்கச்சி செய்த பெட்டி என்றதால்தான் அக்கா ஓம் என்றாள்.

சில வாரங்கள் கழித்து அத்தான் கைபேசியில் வந்தார்.

"மச்சாள், உம்மடை பெட்டி நித்திரை கொள்ளுது. படகு கோட்டுக்கு இஞ்சாலை நிக்குதெண்டு காட்டிச்சுது. நானும் நம்பிக்கொண்டு இருந்தன். மற்றப் போட்டிலை வந்தவன் கூப்பிட்டுச் சொன்னாப் பிறகுதான் தெரிஞ்சுது, நான் கோட்டிலை ஏறப் பாக்கிறனெண்டு."

பெட்டி அணைந்து போயிருந்தால் பரவாயில்லை. அது பழைய இடத்தைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் நின்றிருக்கிறது. நான் முதலில் வயரைத் திட்டினேன், பிறகு உப்பைத் திட்டினேன், மனதுக்குள் அத்தானையும் கொஞ்சம் திட்டினேன். பெட்டியை வாங்கி வந்து, கம்பை வாளித் தண்ணீருக்குள் விட்டு நாள் முழுவதும் ஓடவிட்டேன். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது மேசை அதிர்ந்ததே தவிர, பெட்டி ஒரு பிசகும் காட்டவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். எரிச்சல் தாங்காமல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் மயிலிட்டிக்கே போய்விட்டேன்.

துறைமுகத்தில் கட்டியிருந்த படகில் அத்தான் எனக்காக எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். கம்பை இறக்கினார், வயரைச் செருகினார், திரையில் படகு வந்தது. "இப்ப வலை இழுக்கப் போறம்" என்றார். உடனே வயரைப் பட்டென்று பிடுங்கி, உப்புத் தண்ணீர் படாமல் அதன் முனையில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை மாட்டி, கம்பைத் தூக்கி உள்ளே போட்டார். திரையில் படகு அப்படியே நின்றது.

"ஐயோ அத்தான், ஓடிக்கொண்டிருக்கேக்கையே கழட்டுறியளோ?"

"பின்னை? வலை ஏறேக்கை வெளியிலை ஒண்டும் தொங்கக்கூடாது. வலை அதிலை கொழுவிச்சுதெண்டா கம்பும் போச்சு, வலையும் போச்சு."

அந்தக் கரையில் இது தெரியாதவர் என்னைத் தவிர யாரும் இல்லை. நானும் குருநகரில் கடற்றொழிலாளியின் மகளாகப் பிறந்தவள்தான். வலை காயப்போட்டிருக்கிறேன், மீன் வெட்டியிருக்கிறேன், ஆனால் எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளைப் படகில் ஏற்ற மாட்டார்கள். வலை எப்படிப் படகுக்குள் ஏறுகிறது என்று நான் கண்டதேயில்லை. அதனால் மேசைக்கு முன்னால் இருக்கும் ஒருவர் செய்வதுபோல, முதலில் திரையை மூடிவிட்டுத்தான் வயரைக் கழற்றுவார்கள் என்று நினைத்து எழுதிவிட்டேன். நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து அத்தானுக்குச் சிரிப்பு. பிழை அகப்பட்ட சந்தோஷத்தில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பிழை இதுதான். வயரைச் செருகியதும் 'இங்கே ஒரு கருவி இருக்கிறது' என்பதற்கு அடையாளமாக என் டிரைவர் நினைவகத்தில் ஒரு பொருளை உண்டாக்கும். அதைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் ஒன்று கூட்டு, விட்டால் ஒன்று கழி, பூச்சியம் ஆனால் அழி. இவ்வளவுதான் சட்டம். எங்கள் ஊர் வாசிகசாலையில் கடைசியாக எழும்புகிறவர் கதவைப் பூட்டிவிட்டுப் போவாரே, அதே ஏற்பாடு. நானோ வயர் கழன்ற உடனேயே, உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று பாராமல் பொருளை அழித்துவிட்டேன். திரையை வரையும் மென்பொருள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அழிந்துபோன இடத்திலிருந்தே அது வாசித்தது. அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரைக்கும் பழைய எண்களே அங்கே கிடக்கும். திரும்ப வயரைச் செருகினால் புதிய பொருள் நினைவகத்தில் வேறொரு இடத்தில் பிறக்கும், திரையோ பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

திருத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. திரை மென்பொருள் பொருளைத் திறக்கும்போது ஒரு பிடி, மூடும்போது ஒரு விடுதலை. வயர் கழன்றால் பொருள் உடனே சாகாது. 'கருவி போய்விட்டது' என்ற குறியோடு கடைசி ஆள் விடும்வரை உயிரோடு இருக்கும். அந்தக் குறியைக் கண்டால் திரை பழைய படத்தை வைத்திருக்காமல் முழுக்கக் கறுத்துவிட வேண்டும் என்றும் எழுதினேன். அத்தான் அடுத்த நாள் காலையில் கொக்குவிலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு, பின்னேரம் தேநீர் ஊற்றிவைத்துவிட்டு இன்னொரு பெட்டியில் வயரைக் கழற்றிச் செருகிக்கொண்டிருந்தேன், சும்மா ஒரு ஆறுதலுக்கு. கழற்றினால் கறுத்தது, செருகினால் படகு வந்தது. வடிவாக வேலை செய்தது. ஆனால் நினைவகத்தில் காலியான இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. பார்த்தால், வாசித்துக்கொண்டிருக்கும்போது வயர் கழன்றால் போகிற அந்த ஒரு வழியில், பிடித்ததை விடாமலே திரும்பி வந்திருக்கிறேன். முதலில் ஆள் இருக்கக் கதவைப் பூட்டினேன், இப்போது கதவைப் பூட்டவே ஆள் இல்லை. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் சாகாத பொருள் ஒன்று மிஞ்சும். அந்தச் சின்னப் பெட்டியில் அப்படி எத்தனைக்குத்தான் இடம் இருக்கும்? சில தடவை வலை இழுத்தால் நிரம்பிவிடும்.

உடனே அக்காவை அழைத்தேன்.

"அவர் அப்பவே வெளிக்கிட்டிட்டார்" என்றாள். "ஏன், என்ன?"

"பெட்டியிலை இன்னொரு பிழை இருக்கக்கா."

"முந்தினமாதிரி நிண்டுபோகுமோ?" என்றாள்.

தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. நினைவகம் நிரம்பினால் கேர்னல் எதை முதலில் கைவிடும் என்று நிச்சயமாக யாரால் சொல்ல முடியும்?

"நீ விடிய இஞ்சை வா" என்றாள் அக்கா. "வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு."

ஆழக்கடலில் கைபேசி எடுக்காது. செய்வதற்கு இருந்தது ஒன்றுதான், விட்ட பிழையைத் திருத்துவது. திருத்தினேன். ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதி முடித்தபோது அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டியை எடுத்தேன். மயிலிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் கடலைப் பார்த்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு படகின் நிறத்தையும் கண்ணால் துழாவிக்கொண்டு நடந்தேன். எதுவும் அத்தானுடையது இல்லை. அக்காவைத் தேடித் திரும்பினேன். அவள் துறையின் மறுமுனையில், ஏற்கெனவே கட்டியிருந்த படகு ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தப் படகுக்குள் அத்தான் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கேயே குந்திவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனால், அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் கொஞ்சம் காரம் மிச்சம் இருந்தது.

"எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் முதல்" என்றார் அத்தான். "உம்மடை பெட்டி கறுத்துப் போச்சு. நானும் கழட்டிக் கழட்டிச் செருகிப் பாத்தன், வரேல்லை. கறுப்பெண்டா கறுப்புத்தான். அரைவாசி வலையோடை திரும்பிட்டன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நினைவகம் நிரம்பியதும், புதிதாகச் செருகிய கருவிக்குப் பொருள் உண்டாக்க இடம் கிடைக்கவில்லை. கருவி இல்லை என்றால் கறுத்துவிடு என்று எழுதியிருந்தேன் அல்லவா, திரை அதைத்தான் செய்திருக்கிறது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான், ஒரு நாள் தொழில் வீணாப் போச்சு" என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மச்சாள், ராத்திரி நீரோட்டம் வடக்குப் பக்கமா, கோட்டை நோக்கி இழுத்த இழுவை தெரியுமோ? அந்த முந்தின பெட்டியெண்டா, படகு நிக்குது நிக்குதெண்டு காட்டிக்கொண்டே இருந்திருக்கும். நானும் பாத்துக்கொண்டே போய், இப்ப அங்காலை ஆரின்ரையோ சிறையிலை தேத்தண்ணி குடிச்சிருப்பன்."

அக்கா என் தோளில் கையை வைத்தாள், வைத்த கையை எடுக்கவுமில்லை.

திருத்திய மென்பொருளை அங்கேயே, படகின் விளிம்பில் இருந்துகொண்டு பெட்டியில் ஏற்றினேன். அத்தான் வயரைக் கழற்றியும் செருகியும் தந்தார், நான் நினைவகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பிடித்தது விடுபட்டது, போனது போனது, எதுவும் மிஞ்சவில்லை. கை வலிக்கிறது என்று அவர் சொல்லும்வரை விடாமல் செய்வித்தேன்.

"எல்லாம் சரிவந்திட்டுதெண்டு அந்தக் கறுப்பை எடுத்துப்போடாதையும்" என்றார் அத்தான், பெட்டியை வாங்கும்போது. "அது இருக்கட்டும்."

எடுக்கவில்லை. அன்று பின்னேரமே அவர் திரும்பவும் கடலுக்குப் போனார், நான் கொக்குவிலுக்கு வந்து, விடியும்வரை நன்றாக நித்திரை கொண்டேன்.