மறைத்துப் பெற்றதாக ஒரு வரி

இது நடந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அப்போது ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். மகள் கோவையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்குத்தான் வருவாள். ஆடி மாதம். சாரல் விடாமல் அடித்து, துவைத்த துணியெல்லாம் காயாமல் வீட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை. பள்ளியிலிருந்து வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், தபால்காரர் ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

என் கணவர் அரசு ஜீப் ஓட்டுநராக இருந்தவர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. அந்த இரண்டையும் வைத்துத்தான் வீட்டையும் மகளின் படிப்பையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தபாலைப் பிரித்தேன். நின்றுகொண்டே படித்தேன். 'உண்மை நிலையை மறைத்து மிகையாகப் பெற்றுள்ள ஓய்வூதியத் தொகையைத் திரும்பச் செலுத்த வேண்டும்' என்று இருந்தது. செலுத்தாவிட்டால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்களாம். போட்டிருந்த தொகை என் இரண்டு வருடப் பள்ளிச் சம்பளத்தைவிட அதிகம்.

தொகையைப் பார்த்துத்தான் முதலில் பயந்தேன். ஆனால் அடுப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடி படித்தபோது, தொகை பின்னால் போய், 'மறைத்து' என்ற அந்தச் சொல் முன்னால் வந்து நின்றது. நான் எதை மறைத்தேன்? வருடா வருடம் நேரில் போய் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறேன். மறுமணம் செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். வங்கியில் எவ்வளவு போட்டார்களோ அதைத்தானே எடுத்தேன்?

குன்னூரில் இருக்கும் கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் வம்பு என்றால் ஒதுங்கிப் போகிறவர். மாதம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம், கவர்மெண்ட்டோடு மல்லுக்கு நின்று யார் ஜெயித்தார்கள் என்றார். மகளிடம் நான் சொல்லவே இல்லை. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவாளோ என்று பயம்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். வெளியே பெஞ்சில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அம்மா, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, நான் வைத்திருந்த அதே மாதிரி தபாலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டீச்சரா நீங்க? இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினார். நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசித்தேன். பெயரும் தொகையும்தான் வேறு. மற்றதெல்லாம் எனக்கு வந்த அதே வரிகள்.

அவர் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம். கணவர் ஒரு அரசுப் பள்ளியில் காவலாளியாக இருந்து இறந்துபோனவர். இந்த அம்மா அந்த வயதிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

உள்ளே இருந்த எழுத்தர் பொறுமையாகத்தான் விளக்கினார். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குச் சில வருடங்கள் மட்டும் கூடுதல் விகிதத்தில் ஓய்வூதியம் கிடைக்குமாம். அதன் பிறகு குறைக்க வேண்டுமாம். எங்கள் கணக்குகளில் குறைக்க விட்டுப்போயிருக்கிறது. தணிக்கையில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். குறைக்க வேண்டியது யார் என்று கேட்டேன். அலுவலகம்தான் என்றார். அப்படியானால் நாங்கள் மறைத்தோம் என்று ஏன் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடிச்சு வர்றதுங்க. உங்களை மட்டும் சொல்லலீங்க" என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. எல்லோரையும் சேர்த்துச் சொன்னால் பொய் மெய்யாகிவிடுமா?

அன்றைக்கே பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு ஆட்சேப மனு எழுதினேன், எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. இனிமேல் சரியான விகிதத்தில் குறைத்துக் கொடுங்கள், அது நியாயம். ஆனால் உங்கள் கவனக்குறைவால் கொடுத்ததை, செலவாகிப்போன பிறகு எங்களிடம் கேட்பது நியாயமில்லை. நாங்கள் எதையும் மறைக்கவுமில்லை. இவ்வளவுதான் எழுதினேன். அக்கா வர்க்கி ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டபடி நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கவர்மெண்ட்டை எதிர்த்து எழுதினால் பென்ஷன் அட்டையைப் பிடுங்கிவிடுவார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாட்டார்கள் என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாதுதான்.

மனுவுக்குப் பதில் வரும் முன்பே பிடித்தம் ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் விகிதம் குறைந்தது, இன்னொரு பக்கம் பழைய தொகைக்குப் பிடித்தார்கள். கைக்கு வந்தது பாதிகூட இல்லை. மகளின் விடுதிக் கட்டணத்துக்குக் கம்மலை அடகு வைத்தேன். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். சில மாதங்கள் கழித்து எங்கள் இருவரையும் ஒரே நாளில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரித்த அதிகாரியும் ஒரு பெண். கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், நனைந்து வந்ததைப் பார்த்து டீ வாங்கி வரச் சொன்னார். எங்கள் நிலைமை தனக்குப் புரிகிறது என்றார். பிறகு ஆளுக்கொரு தாளை எடுத்து வைத்தார். கருணை மனு. 'அறியாமல் செய்த தவறுக்கு வருந்துகிறேன், கருணை அடிப்படையில் பிடித்தத்தை ரத்து செய்யக் கோருகிறேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலிடத்துக்குப் பரிந்துரை செய்வதாகவும், அடுத்த மாதமே பிடித்தம் நின்றுவிடும் என்றும் சொன்னார்.

நான் படித்து முடிப்பதற்குள் அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்குப் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. அடகில் இருக்கும் கம்மல் ஞாபகம் வந்தது. மகளின் அடுத்த கட்டணம் ஞாபகம் வந்தது. இருந்தும் முடியவில்லை.

"பணத்தைக் கட்ட வேண்டாம்னு நானே எழுதறேன்ங்கறேன். ஒரு கையெழுத்துல என்னங்க இருக்குது?" என்றார் அதிகாரி.

"நான் தவறே செய்யலீங்க மேடம். செய்யாததுக்கு எப்படிங்க வருத்தம் தெரிவிக்கிறது? நான் எதை மறைச்சேன்னு சொல்லுங்க, உடனே கையெழுத்துப் போடறேன்" என்றேன்.  

 அப்படியானால் மேல்முறையீடு செய்துகொள்ளுங்கள், எவ்வளவு காலம் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது, அதுவரை பிடித்தமும் நிற்காது என்று சொல்லி அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். பஸ் நிலையம் வரை அக்காவோடு நடந்தேன். மனசு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருமாக நின்றிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்குமே என்று தோன்றியது. கடைசியில் கேட்டேவிட்டேன், ஏன் அக்கா யோசிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள் என்று.

அவர் குடையை மடக்கிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்: "கோவப்படுறதுக்கும் கையில சல்லி இருக்கணும் டீச்சர். ஒங்களுக்கு எழுத்து இருக்கு, நாளைக்கு மக சம்பாரிச்சுத் தருவா. எனக்கு அடுத்த மாசம் அரிசி வாங்கணும்."

கூடலூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதைவிட, ஒரு விஷயம் மட்டும் மனதில் தங்கிப்போனது: அவருக்கு அந்தச் சொல் ஒரு பொருட்டில்லை, அரிசி போதும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு என் வழக்கு இழுத்தது. நீதிமன்ற வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு இளம் பெண் வழக்கறிஞர் கிடைத்தார். பெறுகிறவர் பொய் சொல்லியோ ஏமாற்றியோ வாங்காதபோது, அலுவலகம் தவறாகக் கொடுத்ததைக் கீழ்நிலை ஊழியர் குடும்பங்களிடம் திரும்பப் பிடிப்பது சரியில்லை என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன என்றார். அவர் உதவியோடு மேல்முறையீடு எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். நினைவூட்டல் எழுதினேன். மறுபடி எழுதினேன். இதற்கிடையில் மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் பயந்த மாதிரி அவள் படிப்பை விடவில்லை. சொல்லாமல் இருந்ததற்குத்தான் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அக்காவுக்குப் பிடித்தம் நின்றுவிட்டதாக எழுத்தர் ஒருமுறை சொன்னார். அன்று இரவு, நானும் போட்டுத் தொலைத்திருக்கலாம் என்று நினைத்து அழுதது உண்மை. கொழுந்தனார் போன் செய்யும்போதெல்லாம், "இன்னும் எதுக்குங்க அண்ணி இந்தப் பிடிவாதம்?" என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உத்தரவு வந்தது. இரண்டு பக்கம். கீழே ஒரு வரி: 'மிகைத்தொகை அலுவலகக் கவனக்குறைவால் வழங்கப்பட்டது, குடும்ப ஓய்வூதியர் எந்தத் தகவலையும் மறைக்கவில்லை.' பிடித்தத்தை நிறுத்தவும், பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் சொல்லியிருந்தது. தபாலை மடித்து வைத்துவிட்டு, மாவாட்டும் வேலையைத் தொடர்ந்தேன். எவ்வளவு பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்! உடம்பில் ஒரு பாரம் இறங்கியது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுவட்டம் போனேன். கையெழுத்துப் போடும் முன் அக்காவுக்கும் சில மாதங்கள் பிடித்திருந்தார்கள் அல்லவா? என் உத்தரவைக் காட்டி அதைத் திரும்பக் கேட்கலாம் என்று தோன்றியது. விசாரித்துக்கொண்டே லயத்தைக் கண்டுபிடித்தேன். அக்கா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். மனமார சந்தோஷப்பட்டார். அவருக்காக மனு எழுதட்டுமா என்றதற்கு, "எழுதுங்க. வந்தா வரட்டும்" என்றார்.

பிறகு அந்த உத்தரவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடைசி வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுல எம்பேரப் போட்டு ஒருக்கா வாசிக்கிறீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்போதுதான் சொன்னார். அந்த முதல் தபால் வந்த அன்று அவருக்கு வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்திருக்கிறார். அவன் எல்லோரும் கேட்கும்படி வாசித்துவிட்டான். கவர்மெண்ட்டை ஏமாற்றிச் சல்லி வாங்கினவள் என்று லயம் முழுக்கப் பேச்சு. பிடித்தம் நின்றபோது, காலில் விழுந்து மன்னிப்பு வாங்கி வந்துவிட்டாள் என்று அதற்கும் பேசியிருக்கிறார்கள். இத்தனை நாளும் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் உத்தரவைக் கையில் எடுத்தேன். 'குடும்ப ஓய்வூதியர்' என்று வரும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லி, கணவர் பெயரையும் சேர்த்து, எந்தத் தகவலையும் மறைக்கவில்லை என்று வாசித்தேன்.

அக்கா லயத்துச் சுவரைக் காட்டினார். "இன்னுங் கொஞ்சம் சத்தமா வாசிங்க டீச்சர். அந்தப் பக்கம் கேக்கட்டும்."

வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரலில் வாசித்தேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அவருக்காக நான் எழுதிய மனுவுக்கு, முடிந்துபோன கோப்பைத் திறக்க இயலாது என்று பிறகு பதில் வந்தது. அக்கா சிரித்துவிட்டார். யாராவது சண்டை போடாமல் விட்டுக்கொடுத்துப் போவதைப் பார்த்தால், அவர்களுக்கு மானம் பெரிதில்லை என்று நினைக்க இன்று எனக்கு மனம் வருவதில்லை. அதைக் காட்டிக்கொள்ள எல்லோருக்கும் வசதி வாய்ப்பதில்லை, அவ்வளவுதான்.