வெடிக்காரசாமியின் வீட்டாரைத் தேடி

காலை 9.10. கூடுவாஞ்சேரி நிலையத்தில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பெருங்களத்தூருக்குச் சீட்டு எடுத்தேன். கால் மணி நேரப் பயணம். இதற்குக் கிளம்ப எனக்கு ஆறு வருடம் பிடித்தது. நல்ல எண்ணத்தோடு கிளம்பினேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்ப நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றாகிவிட்டது. மூலையில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறோம். அங்கே இடுப்புயரக் கல் ஒன்று நிற்கிறது. பெயர் வெடிக்காரசாமி. ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்த அந்தக் காலத்தில், தாம்பரத்துக்கு மேற்கே ஒரு குன்றில் வெடி வைத்தபோது இறந்தவர். அவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா, கூலியாட்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர் என்பது வீட்டுக் கதை. இதைப் பள்ளிக் கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

ஆறு வருடம் முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா எங்களிடம், என்னிடமும் அண்ணனிடமும், வேறு கதை சொன்னார். "அந்தக் கல்லு நம்மாளு இல்லடா. நம்மாளு மேஸ்திரி. அவர் அனுப்பித்தான் சின்னான்னு ஒருத்தர் செத்தார். துர்ச்சாவு. அது நம்ம வம்சத்தைப் பிடிச்சிடக் கூடாதுன்னு பயந்து கல்லு நட்டுக் கும்பிட்டாங்க. போகப் போக நாமளே அவர் வாரிசுன்னு ஆயிட்டோம். அவங்க ஜனம் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம்."

அப்பா போன பிறகு அண்ணனும் நானும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது அண்ணன் கிரானைட்டில் கல்வெட்டு செதுக்கி வைத்திருக்கிறார்: 'பிறர் உயிர் காக்கத் தன்னுயிர் ஈந்த எங்கள் முன்னோர்.' வெள்ளிக்கிழமை பதிக்க வேண்டும். "அவங்க யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வா. இல்லைன்னா வச்சிடலாம்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் உளவு பார்க்கக் கிளம்பினேன்.

9.50. பீர்க்கன்கரணை. ஏரியோரம் பதினைந்து ரூபாய்க்கு டீ. கடைக்காரரிடம் சின்னான் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். யாருமே இல்லை என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

"சின்னான் வகையறாவா? வூட்ட வித்துட்டுப் போய் ரொம்ப நாளாவுது சார். அந்தப் பொண்ணு செல்வி திருமுடிவாக்கத்துல பட்டறை வச்சிகினு கீது. இன்னா விஷயம்?"

"சும்மா, பழைய கல்குவாரி பத்தி எழுதறேன்" என்றேன். பொய் சரளமாக வந்தது.

ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். வழியில் குன்று இருந்த இடத்தை ஓட்டுநர் காட்டினார். இப்போது அது பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். "சொந்தக்காரங்களப் பாக்கப் போறீங்களா சார்?" என்று அவர் கேட்டார். 

11.00. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை. தகரக் கூரை போட்ட பட்டறை, இரண்டு பிரஸ் மெஷின்கள், நான்கு ஆட்கள். தகட்டை அழுத்தி வெட்டி வாஷர் செய்கிறார்கள். செல்விக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். குவாரி பற்றி எழுதுகிறேன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் உட்காருவதற்குள் பெரிய பிரஸ்ஸில் தகடு சிக்கிக்கொண்டது. மெஷினில் நின்றவர் கையை நீட்டப் போனார். "எடு கைய!" என்று செல்வி போட்ட சத்தத்தில் நானே எழுந்துவிட்டேன். மெஷினுக்குக் கரண்ட் வராதபடி சுவர்ப் பெட்டியிலிருந்து மூன்று பீங்கான் ஃபியூஸ்களையும் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"புடிங்க சார். நா சொல்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க."

மெஷினின் சக்கரம் சுற்றி ஓயும்வரை காத்திருந்து, அச்சுக்கு நடுவே தன் கையை விட்டார்.

"முதலாளி நீங்க ஏன்மா கை விடறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சார், குவாரி பத்தி எழுதறேன்றீங்க, இது தெரியாதா? எங்க பாட்டன் முப்பாட்டன் சின்னான்னு ஒருத்தர். வெடி வச்சாங்க, வெடிக்கல. மேஸ்திரி பாறைக்குப் பின்னால நின்னுகினு, 'போய்ப் பாருடா, ஒண்ணும் ஆவாது'ன்னான். இவரு கிட்ட போனாரு. வெடிச்சிடுச்சு. அதுலேர்ந்து எங்க குடும்பத்துல வேலை சொல்றவன்தான் மொதல்ல கை வெக்கணும். எங்கப்பாவும் இப்படித்தான். நானும் இப்படித்தான்."

எங்களிடம் ஒரு கல் இருக்கிறது. அவர்களிடம் இந்த வழக்கம் இருக்கிறது. ஃபியூஸ்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கை மெஷினுக்குள் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படியே சொல்லாமல் போய்விடலாம் என்றும் தோன்றியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வளைந்த தகட்டோடு கை வெளியே வந்தது. ஃபியூஸ்களை வாங்கி மாட்டினார். நான் சொன்னேன்: "அந்த மேஸ்திரி எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா." பிறகு கல், கட்டுக்கதை, கல்வெட்டு, நான் வந்த காரணம், எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

செல்வி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவருக்கு நீங்க படையல் போடறீங்களா?"

"வருஷா வருஷம்."

"பேரனுங்கன்னு சொல்லிகினு?"

தலையாட்டினேன்.

"நாங்க இல்லன்னா வச்சிடலாம்னு பாத்துட்டுப் போவ வந்தீங்க."

இதற்கும் தலையாட்டத்தான் முடிந்தது.

மெஷின் இரண்டு முறை அடித்து மறுபடி நின்றது. செல்வி போய் மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கினார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார். நானே வச்சிக்கிறேன்."

காக்கிச் சட்டைப் பையில் போட்டு, பித்தானையும் மாட்டிக்கொண்டு அச்சுக்குள் கையை விட்டார். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

மதியம் 1.20. தாம்பரம் நிலையத்தில் அண்ணன் கூப்பிட்டார். "என்னடா, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கல்வெட்டு வேண்டாம். சின்னான்னு பேர் போட்டு, யார் அனுப்பினதுன்னும் சேர்த்துப் போடறதா இருந்தா வை. இல்லைன்னா வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல."

"பின்ன உனக்கென்னடா வந்தது?" என்று போனை வைத்துவிட்டார்.

கூடுவாஞ்சேரி வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோது, போன மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சம்பைக் கழுவ ஆள் வந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பாதாளத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து அவர் தயங்கினார். நான் மேலே நின்று டார்ச் அடித்துக்கொண்டு, "இறங்குப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் இறங்கினார். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.