ஓரகத்திக்குப் போன பங்கு

கணினித் திரையின் மூலையில் வினாடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வரும். அது முடியும்வரை முன்பின் தெரியாத ஒருவருடைய வலைப்பக்கத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் சுட்டியை அழுத்தினால் எனக்கு அரைப் புள்ளி. நானும் என் கொழுந்தனார் மனைவியும் மலேசியாவில் கூலிம் ஊரில் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. கணவன்மார் இருவருக்கும் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை. நான் முறுக்கு சுட்டு விற்றேன். அவள் கல்யாண ப்ளவுஸ்கள் தைத்து, ஆரிப் பூவேலையும் செய்து கொடுத்தாள். ஆளுக்கொரு வலைப்பக்கம் வைத்திருந்தோம்.

அந்தப் பரிமாற்றத் தளத்தை எனக்குக் காட்டியதே ஓரகத்திதான். "காசு கட்டாமலே விளம்பரம் லா அக்கா" என்று இணைப்பை அனுப்பினாள். நான் இரண்டு பேருடைய பக்கத்தைப் பார்த்தால் என் பக்கத்தை ஒருவர் பார்ப்பார். மிச்சமுள்ள ஒரு பார்வை தளத்துக்காரருக்கு. அதை அவர் விளம்பரக்காரர்களுக்கு விற்றுக்கொள்வார். இரண்டுக்கு ஒன்று எனக்கு நியாயமாகவே பட்டது. அடுப்பை அணைத்ததும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் பக்கத்து அறையில் அவளுடைய தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது அவளால் எந்தப் பக்கத்தையும் பார்க்க முடியாது. அப்படியும் அவளுடைய பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வயிறு எரிந்தது. ஒருநாள் தளத்தின் விதிகளைப் பொறுமையாகப் படித்தேன். ஓர் ஆளைச் சேர்த்துவிட்டவருக்கு, அந்த ஆள் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டாம். நான் அவள் அனுப்பிய இணைப்பில்தானே சேர்ந்தேன்!

"நான் உட்கார்ந்து பார்க்கிறேன், நீ தைச்சிக்கிட்டு இருக்க, உனக்கு ஆளு வருதா?"

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் குறையல லா அக்கா. எனக்கு வர்றது தளத்துக்காரங்க பங்குலேர்ந்து. நீங்களும் யாரையாச்சும் சேர்த்து விடுங்க."

அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் சேர்த்துவிடக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

வந்தவர்கள் எவரும் முறுக்கு கேட்கவில்லை. அவர்களும் என்னைப் போலத் திரையின் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவளுக்கும் அப்படித்தான், பெண்டாங் ஊரிலிருந்து ஒரு பெண் அழைக்கும்வரை. வினாடி முடியக் காத்திருந்தபோது இவள் பக்கத்திலிருந்த ஆரி மயில் கண்ணில் பட்டதாம். ஒரு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவள், பிறகு சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்து வந்தாள். அந்த ஒருத்தி, நான் உட்கார்ந்து சேர்த்த பங்கில் போனவளாக இருப்பாளோ என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்துகொள்ள வழியில்லை. நான் அந்தத் தளத்தைவிட்டு விலகினேன். அவளும் கொழுந்தனாரும் தனிக்குடித்தனம் போனார்கள். இன்று டவுனில் அவளுக்குச் சொந்தக் கடை. நான் இன்னும் பழைய அடுப்படியில்தான்.

சமீபத்தில் என் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் ப்ளவுஸை ஓரகத்திதான் தைத்தாள். கூலி வாங்க மறுத்துவிட்டாள். மண்டபத்தில் பெண்கள் மகளைச் சூழ்ந்துகொண்டு, எங்கே தைத்தது என்று என்னைக் கேட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். எல்லோரும் அவளிடம் போனார்கள்.

"ப்ளவுஸ் கிடக்கட்டும் லா, இந்த முறுக்க சாப்பிட்டுப் பாருங்க. எங்க அக்கா சுட்டது. இந்தக் கை யாருக்கும் வராது."

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் அங்கேயே தீபாவளிக்கு முறுக்கு வேண்டுமென்று சொல்லிவைத்தார்கள். நான் சிரித்துத் தலையாட்டினேன். பெருந்தன்மையிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று மனம் பொருமியது.